அலைகளுக்கு ஒரு கண்ணாடி
(ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



நம் ஆண்டுவிழா மேடையில் இலக்கியச் சொற்பொழிவும் இன்னிசையும் நாடகமும் நிகழ்வது வழக்கம். இவ்வாண்டு விஞ்ஞானத்தைப் பற்றியும் ஒருவர் பேசட்டும் என்று நிர்வாகக் குழுவினர் கருதினர். அப்பணியை, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளிடையே காலங்கழிக்கும் குமாஸ்தாவாகிய எம்மிடம் ஒப்புவித்தது அவர்தம் பெருந்தன்மையே. நாம் படித்தது மெட்ரிகுலேஷன் வரையில்தான். ஆயினும், நம் சங்கத்து அன்பர் ஒருவருடைய மகன் கம்பியில்லாச் செய்தித்துறையில் ஆராய்ச்சி செய்துவருகிறார். பல மாதங்களாக மாலை வேளைகளில் அவரைக் கேள்விகளால் துளைத்தெடுத்தோம். அவரும் சலிக்காமல் விடை கூறினார். அவ்விடைகளின் சாரமே இவ்வுரை.

பேச எடுத்துக்கொண்ட பொருள், கம்பியில்லா அலைகளைத் திருப்பிவிடும் கண்ணாடி. ஆங்கிலத்தில் இதனை ‘இன்டெலிஜென்ட் ரிஃப்ளெக்டிங் சர்ஃபேஸ்’ என்கின்றனர். நுண்ணறிவுப் பிரதிபலிப்புப் பரப்பு என்று தமிழாக்கலாம். ஒவ்வொரு முறையும் அத்துணை நீளமாகச் சொன்னால் பின்னே காத்திருக்கும் நாடகக் குழுவினர் பொறுமையிழப்பர். ஆதலால் அலைக்கண்ணாடி என்றே சொல்லிச் செல்வோம். அக்கண்ணாடி ஒருவர்க்கு உதவுவது எளிது. ஒரே கண்ணாடி ஒரே வேளையில் பலர்க்கும் உதவவேண்டுமாயின் என்ன நிகழும், யார்க்கு எவ்வளவு கிடைக்கும், அதனை எந்தக் கணக்கைக் கொண்டு தீர்மானிப்பது என்பதே நம் கேள்வி.

இக்கேள்வி நமக்குப் புறம்பானதன்று. தாய்நாட்டை விட்டு ஆயிரம் மைல் தள்ளிக் கரக்பூரில் வாழும் நமக்கு, ஊரிலிருக்கும் பெற்றோரின் குரலைக் கேட்க உள்ள வழி கைப்பேசி ஒன்றே. ‘டவர் இல்லை’ என்று அதனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பதை நம் குவார்ட்டர்ஸ் தெருக்களில் நாள்தோறும் காண்கிறோம். 2020-ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் யாவும் கைப்பேசி வழியே நடந்தபோது, எம் தெருக்கோடி வீடுகளின் பிள்ளைகள் மொட்டைமாடிப் படிக்கட்டில் குடைபிடித்து அமர்ந்து பாடம் கேட்டனர். கோபுரம் முந்நூறு கெஜ தூரத்தில்தான் இருந்தது. நடுவே ஓர் உயர்ந்த கட்டடம் நின்றது. தெருமுனை வீட்டாருக்கு அதே கோபுரத்தால் யாதொரு குறையும் இல்லை. (ரயில்வேக்காரர்களாகிய நமக்குச் சிக்னல் என்றால் கைகாட்டிதான். கைகாட்டி இறங்கினால் வண்டி வந்தே தீரும். இந்தக் கைப்பேசிச் சிக்னலுக்கு அத்தகைய நாணயம் கிடையாது.)

அலைகளைத் திருப்புவது புதிய வித்தையன்று. மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் 1865-இல் கணக்கினால் கண்ட மின்காந்த அலைகளை, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1888-இல் செயலில் காட்டினார். அப்போதே அவர் ஒரு பெரிய துத்தநாகத் தகட்டை நிறுத்தி அவ்வலைகளைத் திரும்பி வரச்செய்தார். அதற்கு ஏழாண்டுகளுக்குப் பின், நமக்கு எழுபது மைலில் உள்ள கொல்கத்தாவில், அந்நாளைய கல்கத்தாவில், ஜகதீஷ் சந்திர போஸ் சுவருக்கு அப்பாலிருந்து அலையை அனுப்பி மணியடிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள குறும் அலைகளை அந்நாளிலேயே ஆண்டவர் அவர். 1898-இல் அவர் செய்த சோதனை ஒன்று இன்னும் வியப்பளிப்பது. முறுக்கிய சணற்கட்டுகளினூடே அவ்வலைகளைச் செலுத்தி, அவை அதிரும் தளம் திரும்பிவிடுவதைக் கண்டு, லண்டன் ராயல் சங்கத்து ஏட்டில் எழுதினார். சணல் மூட்டைக்கு ரசீது எழுதியே வயது முதிர்ந்த குமாஸ்தாக்கள் இவ்வங்காளத்தில் எத்தனையோ பேர். அச்சணலில் இத்தகைய சூட்சுமம் உண்டென்று அவர்கள் கனவிலும் எண்ணியிரார்!

போஸ் காட்டியது இதுவே: ஒரு பொருளுக்கு இயற்கையில் இல்லாத குணத்தை, அதன் உருவமைப்பை மாற்றுவதால் வருவிக்கலாம். அவ்வழியில் வந்ததே இன்று மெட்டாமெட்டீரியல் என்று வழங்கும் செயற்கைப் பொருள். சீனத்தின் நான்ஜிங் நகரில் தியே ஜுன் குய் என்பவரின் குழுவினர், கணிப்பொறியின் கட்டளைக்கேற்ப 0, 1 என நிலைமாறும் துண்டுகளால் ஆன பரப்பை 2014-இல் விவரித்தனர். அத்தகைய பரப்பைக் கைப்பேசி வலையில் எவ்வாறு பயன்படுத்துவது என்னும் கணித முறையைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சிங்சிங் வூ, ரூய் ஜாங் ஆகிய இருவரும் 2018, 2019-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். அதன்பின் இத்துறையில் கட்டுரைகள் மழையெனப் பொழிந்துவருகின்றன.

இப்பொழுது இதற்கு ஏன் இவ்வளவு அவசரம்? நம் நாட்டில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1-ஆம் நாள் தொடங்கியது. அதற்கென அவ்வாண்டு ஏலம் விடப்பட்ட அலைவரிசைகளுள் மூன்றை நோக்குவோம். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 43 சென்டிமீட்டர். 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 8.6 சென்டிமீட்டர். 26 கிகாஹெர்ட்ஸ் அலையோ ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுதி. நீண்ட அலை கட்டடத்தை வளைந்து சுற்றியும் சுவரை ஊடுருவியும் ஓரளவு வந்துசேரும். குறுகிய அலையைச் சுவர் தடுக்கும். மரத்தின் இலைகள் தடுக்கும். குறுக்கே நிற்கும் மனிதரின் உடலும் தடுக்கும். ஆனால் செய்திகள் ஏராளமாகச் செல்லத்தக்க அகன்ற பாதை அக்குறுகிய அலைகளிடத்தில்தான் உள்ளது. பாதை அகலும்தோறும் நிழலும் மிகுகிறது. நிழலில் அகப்பட்ட வீட்டுக்குப் புதிய கோபுரம் எழுப்பலாம். அதற்கு இடமும் மின்சாரமும் கம்பி இணைப்பும் வேண்டும். அலைக்கண்ணாடியோ சுவரில் ஒட்டிவைக்கும் பலகை போன்றது. அது அலையைப் பெருக்குவதில்லை; வருவதைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே அதன் துண்டுகளை நிலைமாற்றுவதற்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் போதும்.

சாதாரணத் தகடும் திருப்பத்தான் செய்யும். அது வந்த கோணத்திற்கேற்ற ஒரே திசையில் திருப்பும். அலைக்கண்ணாடி வேண்டிய திசையில் திருப்பும். எவ்வாறு? இதனை விளக்க நம் தொழிலிலேயே உவமை உண்டு. ஒரு ஜங்ஷனுக்குப் பல கிளைகளிலிருந்தும் வண்டிகள் வருகின்றன. யாவும் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் இணைப்பு வண்டிக்குப் பயனுண்டு. அருகிலிருந்து வருவது முன்னதாக வந்துவிடுமாதலால், அதனை ஹோம் சிக்னலில் சற்று நிறுத்திவைக்கிறோம். அலைக்கண்ணாடியின் ஒவ்வொரு துண்டும் அத்தகைய ஹோம் சிக்னலே. தன்மேல் படும் அலையை இம்மியளவு தாமதப்படுத்தி அனுப்புகிறது. எல்லாத் துண்டுகளிலிருந்தும் கிளம்பிய அலைகள், குறித்த ஒருவரின் கைப்பேசியில் முகடும் முகடும் ஒன்றி வந்துசேருமாறு அத்தாமதங்கள் அமைக்கப்படுகின்றன. தாமதம் என்றால் நம் வண்டிகளின் தாமதம் போன்றதன்று. 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை நொடிக்கு 350 கோடி முறை அதிர்கிறது. அரை அலையளவு நிறுத்துவதென்றால் ஒரு நொடியின் 700 கோடியில் ஒரு பங்கு.

இதில் சிக்கனமும் செய்யலாம். ஒவ்வொரு துண்டுக்கும் ‘நிற்காதே’, ‘அரை அலை நில்’ என்னும் இரண்டே கட்டளைகள் இருந்தாலும், குறைவற்ற அமைப்பில் கிடைக்கும் சக்தியில் நூற்றுக்கு 40 பங்கு கிடைத்துவிடும். கட்டளைகளை நான்காக்கினால் 81 பங்கு கிடைக்கும். அதற்குமேல் செலவழிப்பது வீண் என்று எமக்குத் தோன்றுகிறது.

அடுத்ததாக ஒரு விந்தையான கணக்கு. துண்டுகளின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினால், ஒருவர்க்குச் சேரும் திருப்பிய சக்தி நான்கு மடங்காகிறது. பரப்பு இரட்டித்தமையால் அதன்மேல் விழும் அலை இரண்டு மடங்கு, அதனைக் குறித்த இடத்தில் குவிக்கும் கூர்மையும் இரண்டு மடங்கு, ஆகவே நான்கு. 100 துண்டுகள் தருவது 10,000 அளவு என்றால், 200 துண்டுகள் தருவது 40,000. இந்த வர்க்கக் கணக்கே விஞ்ஞானிகளை இக்கண்ணாடியின்பால் ஈர்த்தது. கோபுரத்திலிருந்து கிளம்பும் சக்தியில் மிக மிகச் சிறிய பகுதியே கண்ணாடியில் விழுகிறதாதலால், இல்லாத சக்தியை இது படைத்துவிடுமோ என்று அஞ்சவேண்டியதில்லை.

இதுவரை சொன்னது ஒருவர்க்கு. இனிப் பலருக்கு வருவோம்.

நாம் சொன்ன ஹோம் சிக்னல் உவமையை மறந்துவிடாதீர்கள். ஓர் ஊருக்கு எல்லா வண்டிகளும் ஒருங்கே சேருமாறு வகுத்த கால அட்டவணை, வேறோர் ஊருக்கும் அவ்வாறே பொருந்துமா? பொருந்தாது. தூரங்கள் வேறு. ஒரு கணத்தில் கண்ணாடிக்கு ஒரே அட்டவணைதான் இருக்க முடியும். இராமன் வீட்டில் முகடோடு முகடு சேரும் அலைகள், கோபாலன் வீட்டில் தாறுமாறாகச் சேரும். ஒருவர்க்குக் கண்ணாடியாய் இருக்கும் அதே பலகை, மற்றவர்க்கு வெறும் சுவர்.

இதற்கு வழிகள் உண்டு. கண்ணாடியைப் பாகம் பிரித்து, பாதியை இராமனுக்கும் பாதியைக் கோபாலனுக்கும் கொடுக்கலாம். பாகப்பிரிவினையென்றால் நம்மவர்க்கு எளிதில் விளங்குமே! ஆனால் இங்கு வர்க்கக் கணக்கு குறுக்கிடுகிறது. 100 துண்டுகளைப் பிரித்து ஆளுக்கு 50 கொடுத்தால், கிடைப்பது 10,000-இல் பாதியன்று, 2,500 தான். காற்பங்கு. சொத்தைப் பிரித்தவுடன் அதில் பாதி மாயமாய் மறைந்துவிட்டது போலும்! மாறாக, நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம். இக்கணம் கண்ணாடி முழுவதும் இராமனுக்கு, அடுத்த கணம் முழுவதும் கோபாலனுக்கு. 5ஜி கோபுரம் பொதுவாக ஒரு நொடியின் 2,000-இல் ஒரு பங்கான சிறு சிறு துண்டுகளாக நேரத்தைப் பங்கிட்டுத் தருவதால், கண்ணாடியும் அத்தாளத்திற்கு ஏற்பத் திரும்பவேண்டும். டயோடுகள் அதனைச் செய்யவல்லன. ஆனால் கோபுரத்திலிருந்து கண்ணாடிக்குக் கட்டளை சென்றுகொண்டே இருக்கவேண்டும். காலந்தவறினால் இராமனுடைய நேரத்தில் கோபாலனுக்கான அட்டவணை நடந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது வழி, இருவர்க்கும் ஓரளவு பொருந்தும் ஒரு நடுவான அட்டவணையை வகுத்து, இருவர்க்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்புவது. இன்றைய கோபுரங்களில் பல ஆன்டெனாக்கள் இருப்பதால், ஒரே வேளையில் பல திசைகளில் வெவ்வேறு செய்திகளை அனுப்ப இயலும். இங்குத் தொல்லை என்னவெனில், இராமனுடைய செய்தி கோபாலன் செவியிலும் விழுந்து குழப்புவது. ஆயினும் அலைகள் முகடோடு முகடு சேர்ந்தால் ஓங்குவதுபோல, முகடோடு பள்ளம் சேர்ந்தால் அழிந்துபோகும். வேண்டாத செய்தி வேண்டாதவரிடம் சேரும்போது அழியுமாறும் கண்ணாடியின் அட்டவணையை அமைக்கலாம். வூ, ஜாங் ஆகியோரின் ஆராய்ச்சி இம்மூன்றாவது வழியைச் சார்ந்ததே. கோபுரம் எத்திசையில் எவ்வளவு அனுப்புவது, கண்ணாடி எவ்வாறு திருப்புவது என்னும் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். ஒன்றை நிறுத்திவைத்து மற்றதைத் திருத்தி, பிறகு இதை நிறுத்தி அதைத் திருத்தி, மாறி மாறிச் சென்று ஒரு நல்ல முடிவை அடைகின்றனர். பட்ஜெட் கோப்பு இரண்டு மேஜைகளுக்கிடையே போய்வருவது போலத்தான். ஆனால் இது கண்ணிமைப்பதற்குள் முடியவேண்டும்.

நல்ல முடிவு என்றோமே, எது நல்லது? இங்கேதான் கணிதம் நின்று நம்மைத் திரும்பிப் பார்க்கிறது.

க்ளாட் ஷானன் 1948-இல் வகுத்த சூத்திரப்படி, சக்தி மிகுந்தால் செய்தியின் வேகம் அதே விகிதத்தில் மிகுவதில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். தெருமுனை வீட்டாருக்கு வரும் அலை, இரைச்சலைப்போல் 1,000 மடங்கு வலியது. அவர் வேகம் ஏறத்தாழ 10 அளவு. தெருக்கோடி வீட்டாருக்கு வருவது இரைச்சலில் பத்தில் ஒரு பங்குதான். அவர் வேகம் 0.14. கண்ணாடி எவர் பக்கம் திரும்புகிறதோ அவர்க்குச் சக்தி நான்கு மடங்காகும் என்று கணக்குக்காகக் கொள்வோம். உண்மையில், கோபுரத்தை நேரே காண்பவர்க்குக் கண்ணாடியால் அவ்வளவு பெருகாது; இருக்கட்டும். தெருமுனைக்குத் திருப்பினால் அவர் வேகம் 10-லிருந்து 12 ஆகும். தெருக்கோடிக்குத் திருப்பினால் அவர் வேகம் 0.14-லிருந்து 0.49 ஆகும்.

மொத்த வேகத்தை உயர்த்துவதே குறிக்கோள் என்று கட்டளையிட்டால், கணிப்பொறி என்ன செய்யும்? அங்கே லாபம் 2. இங்கே லாபம் 0.35. கண்ணாடியைத் தெருமுனைக்கே திருப்பும். அவர்க்கு ஏற்கெனவே சினிமாவே தடையின்றி ஓடுகிறது; இனி இன்னும் தெளிவாக ஓடும். தெருக்கோடிப் பிள்ளைக்கு மூன்றரை மடங்கு உயர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கிட்டவில்லை. கணிப்பொறிக்கு எவர்மேலும் விரோதமில்லை, சொன்னதைச் செய்தது. நம் கண்ட்ரோல் அலுவலகத்தில், நாள் முழுவதும் கடத்திய மொத்த டன் கணக்கை மட்டுமே கேட்பதென்று வைத்துக்கொண்டால், பாசஞ்சர் வண்டி எந்நாளும் லூப் லைனிலேயே நிற்கும். மெயின் லைனில் சரக்கு வண்டிகள் பறந்துகொண்டிருக்கும். கணக்குப் புத்தகம் அழகாயிருக்கும்.

அப்படியானால் மிகவும் பின்தங்கியவரை முதலில் உயர்த்துவோம் என்று சட்டம் செய்யலாமா? கேட்பதற்கு இனிது. இத்துறையினரும் இம்முறையை விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆனால் நிலவறைக் கிடங்கில் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்று எண்ணுங்கள். கண்ணாடி முழுவதையும் நாளெல்லாம் அவர்க்கே கொடுத்தாலும் அவர் வேகம் 1 என்பது 2 ஆகும். அதனால் மற்றொருவர் 20-லிருந்து 5-க்கு இறங்குவார். கடையவரை உயர்த்துவதே விதியாயின், கணிப்பொறி இதற்கும் தயங்காது.

இரண்டிற்கும் நடுவே ஒரு முறை உண்டு. இங்கிலாந்தின் ஃபிராங்க் கெல்லி 1990-களின் பிற்பகுதியில் கணிப்பொறி வலைகளுக்காக இதனை விளக்கினார். வேகங்களைக் கூட்டாதே, பெருக்கு என்பதே அதன் சாரம். மேற்சொன்ன தெருவில், தெருமுனைக்குத் திருப்பினால் பெருக்குத்தொகை 12 × 0.14, அதாவது 1.7. தெருக்கோடிக்குத் திருப்பினால் 10 × 0.49, அதாவது 4.9. இக்கணக்கு தெருக்கோடியைத் தேர்ந்தெடுக்கிறது. நிலவறைக் கணக்கில், அவர்க்கே கொடுத்தால் 2 × 5 = 10; கொடாவிட்டால் 1 × 20 = 20. இங்கு அது நிலவறையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவரவர் இருக்கும் நிலைக்கு எத்தனை பங்கு உயர்வு என்று பார்ப்பதால் இம்முறை சோற்றையும் பசியையும் ஒருசேர நோக்குகிறது.

வூ, ஜாங் இருவரும் தங்கள் கட்டுரையில் எடுத்துக்கொண்ட வழி இவை மூன்றிலும் சேராது. ஒவ்வொருவர்க்கும் இவ்வளவு தரம் கிடைத்தே ஆகவேண்டும் என்று முதலில் வரம்பு கட்டிவிடுகின்றனர். அவ்வரம்புகள் யாவும் நிறைவேறிய பின்னரே, கோபுரத்தின் மின்செலவை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்க்கின்றனர். எம் மனத்துக்கு உகந்தது இதுவே. எல்லா வண்டியிலும் பொதுப்பெட்டி இருக்கட்டும். அதன்பின் வருமானத்தைப் பற்றிப் பேசுவோம். ஆனால், வரம்பை எங்கே கட்டுவதென்று கணிதம் சொல்லாது. பிள்ளை பாடம் கேட்கப் போதுமான வேகம் எவ்வளவு என்பதை மனிதரே கூடி முடிவு செய்யவேண்டும்.

பங்கிடுவதற்குமுன் அளக்கவும் வேண்டுமே! ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் உள்ள வழியைக் கோபுரம் அறிந்தால்தான் தாமதங்களை வகுக்க இயலும். துண்டுகளுக்குச் செவியும் இல்லை, வாயும் இல்லை. 500 துண்டுகள், 20 பேர் என்றால் 10,000 வழிகள். அளந்து முடிப்பதற்குள் இருபதின்மரும் எழுந்து நடந்துவிடுவர்! இதற்கு ஓர் ஆறுதல் உண்டு. கோபுரமும் கண்ணாடியும் அசைவதில்லை. அவற்றுக்கிடைப்பட்ட வழி எல்லார்க்கும் பொது. ஹவுராவிலிருந்து கரக்பூர் வரையில் மெயின் லைன் ஒன்றே; இங்கு வந்தபின்தான் டாட்டாநகருக்கும் பாலேஸ்வருக்கும் மிதுனாப்பூருக்கும் பாதைகள் பிரிகின்றன. பொதுவான பகுதியை ஒருவரைக் கொண்டு அறிந்துவிட்டால், மற்றவர்க்கு அளக்கவேண்டியது வெகுவாகக் குறைந்துவிடும். பலர் இருப்பது பங்கீட்டில் தொல்லை. அளப்பதில் ஒருவர்க்கொருவர் துணை.

கண்ணாடியை எங்கே மாட்டுவது? கோபுரத்திலிருந்து கண்ணாடிக்குள்ள தூரத்தையும் கண்ணாடியிலிருந்து நமக்குள்ள தூரத்தையும் பெருக்கி, வரும் தொகையின் வர்க்கத்திற்கேற்பச் சக்தி தேய்கிறது. மொத்தம் 100 மீட்டர் என்று கொள்வோம். நடுவில் மாட்டினால் 50 × 50 = 2,500. ஒரு முனையிலிருந்து 10 மீட்டரில் மாட்டினால் 10 × 90 = 900. இரண்டாவதில் ஏழரை மடங்குக்குமேல் அதிக சக்தி. ஆகவே கோபுரத்தருகிலோ மக்களருகிலோ மாட்டவேண்டும். நடுவில் மாட்டுவது வீண். கோபுரத்தருகே ஒரு பெரிய கண்ணாடியை நிறுத்தினால் ஊரார் அனைவர்க்கும் அது பொது. வர்க்கக் கணக்கின் பலனும் முழுமையாகக் கிட்டும். ஆனால் அங்கிருந்து கிளம்பும் அலையும் அதே கட்டடத்தில் மோதக்கூடும். தெருக்கோடி தோறும் சிறு கண்ணாடிகளை மாட்டினால் நிழல் நீங்கும். ஆனால் ஒவ்வொன்றும் தன் தெருவாருக்கு மட்டுமே.

நம் ஸ்டேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,072.5 மீட்டர் நீளமுள்ள நம் பிளாட்பாரம் நெடுங்காலம் உலகிலேயே நீண்டதெனப் பெயர் பெற்றிருந்தது. 2013-இல் கோரக்பூர் முந்தியது. 2023-இல் ஹூப்ளி அதனையும் முந்தியது. போகட்டும், பழம்பெருமை! இங்கு ஒரு நெடுந்தூர வண்டி வந்து நின்றால், ஆயிரத்துக்கு மேற்பட்ட கைப்பேசிகள் ஒரே நிமிடத்தில் கோபுரத்தை அழைக்கின்றன. எஃகுப் பெட்டி அலைக்கு ஒரு கூண்டு. நடைமேடைக் கூரை இன்னொரு தடுப்பு. கூரை ஓரத்தில் அலைக்கண்ணாடிகளை வரிசையாக மாட்டினால், சன்னல் வழியே அலையைச் செலுத்தலாம். ஆனால் ஆயிரவர்க்கும் ஒரே கணத்தில் திரும்பும் கண்ணாடி இல்லை. கோபுரம் கணந்தோறும் சிலரைத் தேர்ந்தெடுக்கும். கண்ணாடி அவர்கள் பக்கம் திரும்பும். அச்சிலருள் பொதுப்பெட்டியின் மூலையில் நின்றுகொண்டு வீட்டுக்குச் செய்தி சொல்லத் துடிக்கும் கூலியாளர் எத்தனை கணத்துக்கு ஒருமுறை வருவார்? கூட்டல் கணக்கில் ஒருவிதமாகவும் பெருக்கல் கணக்கில் வேறுவிதமாகவும் வருவார்.

இவையெல்லாம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஜப்பானின் டோகோமோ நிறுவனத்தார் 2018-இல் டோக்கியோவில், திசை மாறாத ஒரு பலகையை 28 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நிறுத்திப் பார்த்தனர். பலகையின்றி நொடிக்கு 60 மெகாபிட் கிடைத்த இடத்தில், பலகையுடன் 560 கிடைத்ததென அறிவித்தனர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வெங்கட் அருண், ஹரி பாலகிருஷ்ணன் ஆகியோர் 2020-இல் ஆர்ஃபோகஸ் என்னும் பரப்பை வெளியிட்டனர். 3,000-க்கு மேற்பட்ட மலிவான ஆன்டெனாக்களைச் சுவரில் பதித்தனர். அளந்த இடங்களின் நடுநிலையில் அலையின் வலிமை 9.5 மடங்கு உயர்ந்தது. ஹரி பாலகிருஷ்ணன் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர் என்பதை நம் சங்கத்து மேடையில் சொல்லாமல் விடலாகாது. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலைக் கழகம் 2021-இல் இதற்கெனத் தனிக் குழு அமைத்தது. நம் அரசாங்கம் 2023 மார்ச்சில் பாரத் 6ஜி தொலைநோக்கு ஆவணத்தை வெளியிட்டது. எனினும் நம் தெருவில் இக்கண்ணாடி தொங்க இன்னும் சில காலம் ஆகும்.

தொங்கும்போது நாம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு. ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளருக்காகத் திருப்பும் கண்ணாடியில் வேறு கம்பெனிகளின் அலைகளும் வந்து விழும். கண்ணாடிக்கு யாருடைய அலை என்று தெரியாது. தன் அட்டவணைப்படியே அவற்றையும் எங்கேனும் திருப்பிவிடும். ஒருவரின் கண்ணாடி மற்றவரின் இடையூறாகலாம். ஆகவே ஸ்டேஷன், மருத்துவமனை, பள்ளிக்கூடம், குவார்ட்டர்ஸ் போன்ற பொது இடங்களில் கண்ணாடி எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாய் இருக்கவேண்டும். அதன் பங்கீட்டு விதி எதுவென்று எழுத்தில் இருக்கவேண்டும். சுவரில் ஆணியடிக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் நம் அலுவலகங்களுக்கே வரும். அதில் அளவு, எடை, வாடகை என்னும் கட்டங்களோடு, ‘பங்கிடும் முறை’ என்று ஒரு கட்டத்தையும் சேர்க்கச்சொல்லிக் குறிப்பு எழுதுவது குமாஸ்தாவாலும் ஆகும் காரியம்.

ஆராய்ச்சி மாணவராகிய நம் இளைஞர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயமுள்ளோர் நாடகம் முடிந்தபின் அவரை அணுகலாம்.